ஃப்ளோரன்ஸில் ஒரு செமஸ்டர்: வில்லா லா பியெத்ராவுக்குப் போகிறவர்களுக்கு

கேள்வி: நியூயார்க் பல்கலையில் படிக்கிறேன், இந்திய பாஸ்போர்ட். அடுத்த செமஸ்டர் ஃப்ளோரன்ஸ் வளாகத்தில். என்னென்ன கவனிக்கணும் அண்ணா?

பதில்: தம்பி, முதலில் விசா. 90 நாளைத் தாண்டுவதால் டி வகைப் படிப்பு விசா வேண்டும். நீ வசிப்பது நியூயார்க்கில், அதனால் அங்குள்ள இத்தாலியத் துணைத் தூதரகத்திலேயே விண்ணப்பி. அமெரிக்கா திரும்புவதற்கு, உன் அமெரிக்க மாணவர் தகுதிப் படிவமான ஐ-20யில் பயணக் கையெழுத்தும் வாங்கிவிடு.

போய் இறங்கிய 8 வேலை நாளுக்குள் பெர்மெஸ்ஸோ தி சொஜோர்னோ எனும் தங்கும் அனுமதி அட்டைக்கு விண்ணப்பித்தாக வேண்டும். படிவ உறை தபால் நிலையத்தில் கிடைக்கும். 16 யூரோ முத்திரை வில்லையை தபாக்கி எனும் புகையிலைக் கடையில் முன்கூட்டியே வாங்கிக்கொள். தபால் நிலையத்தில் தரும் ரசீதைத் தொலைத்துவிடாதே, அட்டை கைக்கு வரும்வரை அதுதான் உன் ஆதாரம். கைரேகைக்குக் குவெஸ்தூரா எனும் போலீஸ் தலைமை அலுவலகம் போகவேண்டிய தேதியும் அங்கேயே தெரிந்துவிடும்.

சரி, உங்கள் வளாகமான வில்லா லா பியெத்ராவுக்கு வருவோம். ஃப்ளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் வங்கியை நடத்திய பிரான்செஸ்கோ சஸெத்தி 15ஆம் நூற்றாண்டில் வைத்திருந்த வீடு அது. ஆக்டன் குடும்பம் 1907இல் வாங்கியது. அந்தக் குடும்பத்து எழுத்தாளர் ஹரால்டு ஆக்டன் 1994இல் இறந்தபோது, 57 ஏக்கர் நிலத்தோடு உங்கள் பல்கலைக்கு எழுதிவைத்தார். மூல வீடு இப்போது அருங்காட்சியகம் மாதிரி, வகுப்புகள் பக்கத்து வில்லா உலீவியில் நடக்கும். என்னைக் கேட்டால் அங்கே தவறவே கூடாதது தோட்டம்தான். செடிகளை வெட்டியே ஒரு சின்ன நாடக மேடை அமைத்திருக்கிறார்கள். மேடை ஓரத்தில் விளக்குகள் இருக்கவேண்டிய இடத்தில் உருண்டையாகக் கத்தரித்த புதர்கள். பரீட்சை நேரம் வரை தள்ளிப்போடாமல் முதல் வாரமே போய்ப் பார்.

குளிருக்கு ஸ்வெட்டர் கூடுதலாக எடுத்துக்கொள். அந்தப் பகுதியில் ஹீட்டர் போடுவதற்கே சட்டம் உண்டு: நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, அதுவும் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 12 மணி நேரம். கல் சுவர் வீட்டில் அக்டோபர் கடைசியிலேயே நடுங்க ஆரம்பித்துவிடும்.

ஊருக்குள் போக வர 25ஆம் எண் பஸ். ஏறியதும் டிக்கெட்டை மெஷினில் பதிந்துவிடு, பதியாத டிக்கெட்டுக்கும் அபராதம் உண்டு.

சாப்பாட்டுக்குச் சாந்த் அம்ப்ரோஜோ சந்தைக்குப் போ. காய்கறியும் பயறும் நன்றாகக் கிடைக்கும். சைவம் என்றால் பீன்ஸ், கீரை, பழைய ரொட்டி போட்ட ரிபொல்லீத்தா சூப் வயிற்றை நிரப்பும், ஆனால் இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள். கண்டிப்பான சைவம் என்றால் பார்மிஜானோ சீஸ் வேண்டாம். கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலைத் திரிய வைக்கும் ரென்னட் போட்டுத்தான் அதைச் செய்கிறார்கள்.