டர்பனில் நன்றாகப் பறந்த 450 ஹெலி, லெனேசியாவில் ஏறும்போது மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது

லெனேசியா_ரோட்டர்

எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் செட் செய்து பறந்துகொண்டிருந்த 450 அளவு ரிமோட் மாடல் ஹெலிகாப்டர் இப்போது தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கிறது. ஒரு திருகைக்கூட மாற்றவில்லை, ஆனால் பறப்பு அடியோடு மாறிவிட்டது.

விவரம்: 325 மி.மீ. மர பிளேடு, 3 செல் 2200 எம்ஏஎச் லைப்போ பேட்டரி, 3500 கேவி (வோல்ட்டுக்கு 3500 சுற்று) மோட்டார், 11 பல் பினியன் (மோட்டார் தண்டில் உள்ள சிறு பல்சக்கரம்), 150 பல் மெயின் கியர், 40 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி). கவர்னர் (சுற்றை நிலையாக வைக்கும் வசதி) போடவில்லை. ஐடில் அப்பில் (குச்சி எங்கிருந்தாலும் த்ராட்டில் குறையாத நிலை) த்ராட்டில் 85 சதவீதம், நேர்கோடு. ஃப்ளைபார் (ரோட்டரை நிலைப்படுத்தும் தண்டு) இல்லாத ஹெட், மூன்று அச்சு கைரோ (திரும்புவதை உணர்ந்து திருத்தும் கருவி). வாலுக்கு பெல்ட். மெயின் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழி.

நிலையாக நிறுத்தவே கலெக்டிவ் குச்சியை (பிளேடுகளின் சாய்வை ஒன்றாக மாற்றி ஏற்றி இறக்குவது) முன்பைவிட மேலே வைக்க வேண்டியிருக்கிறது. வேகமாக ஏற்றினால் சோர்ந்து போகிறது. அதனால் உச்ச பிட்சை, அதாவது பிளேடின் சாய்வுக் கோணத்தை, 11 டிகிரியிலிருந்து 13.5 ஆக்கினேன். இப்போது குச்சியை மேலே தள்ளினால் ரோட்டர் சத்தம் இறங்குகிறது, மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. குச்சியைத் தணித்தால் தானாக நேராகிறது. சுமார் மூன்று நிமிடத்தில் மோட்டார் மெல்ல வலுவிழக்கிறது. இது போக, சில நேரம் வால் காரணமே இல்லாமல் வெட்டி இழுக்கிறது.

கைரோவை மாற்றலாமா, வால் சர்வோவை (வால் பிளேடின் சாய்வை மாற்றும் சிறு மோட்டார்) மாற்றலாமா? எதில் தொடங்குவது?

பீனிக்ஸ்_சுழலி

தம்பி, கைரோவும் வேண்டாம், சர்வோவும் வேண்டாம். மாறியது காற்று.

டர்பன் கடல் மட்டம். ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். தாம்போ விமான நிலையம் 1,694 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லெனேசியாவும் அதே மேட்டு நிலம்தான். ஒரே வெப்பநிலையில் இரண்டு இடத்தையும் ஒப்பிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 18 சதவீதம் குறைவு. கோடை மதியம் 30 டிகிரி என்றால் இன்னும் குறையும். பிளேடு தள்ளுவதற்கு அவ்வளவு காற்று இல்லை.

இதை ஈடுகட்ட இரண்டு வழி: பிட்சைக் கூட்டலாம், ஹெட் ஸ்பீடை (மெயின் ரோட்டரின் சுற்றை) கூட்டலாம். நீங்கள் முதல் வழியில் போயிருக்கிறீர்கள். உங்கள் தொல்லையில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. 13.5 டிகிரியில் பிளேடின் இழுவை ஏறுகிறது, கவர்னர் இல்லாத மோட்டார் திணறி சுற்று குறைகிறது. வால் ரோட்டர் மெயின் கியரோடு பெல்ட்டில் பிணைந்தது, ஆகவே அதன் சுற்றும் கூடவே குறைகிறது. மெயின் ரோட்டரின் எதிர்முறுக்கு கூடும் அதே நொடியில் அதைத் தாங்க வேண்டிய வால் பலவீனமாகிறது. வலஞ்சுழி ரோட்டர் உடலை இடஞ்சுழியாகத் தள்ளும். உங்கள் மூக்கு இடப்பக்கம் போவது அதனால்தான். இது கைரோ கோளாறாக இருந்தால் குச்சியைத் தணித்ததும் இவ்வளவு சுத்தமாக நேராகாது.

சுற்றைக் கூட்டினால் மெயின், வால் இரண்டும் ஒன்றாகத் தேறும். தூக்குவிசை சுற்றின் வர்க்கத்தைப் பொறுத்தது. 18 சதவீதக் குறைவை நிரப்ப 10 முதல் 11 சதவீதம் கூடுதல் சுற்று போதும். 11.1 வோல்ட், 3500 கேவி, 11/150 என்றால் சுமையின்றி 2,849 ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்று) வரும். பறக்கும்போது அதில் சுமார் 85 சதவீதம், அதாவது 2,420 எதிர்பார்க்கலாம். 12 பல் போட்டால் 2,640. 9 சதவீத ஏற்றம். பிட்சை மறுபடி 11-க்குக் கொண்டுவாருங்கள், 12 பல் பினியன் போடுங்கள். 0.5 மாட்யூல் (பல்லின் அளவு), 3.17 மி.மீ. துளை என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் மோட்டார் தண்டை காலிப்பரால் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒன்று முக்கியம். மர பிளேடோடு சுற்றைக் கூட்டாதீர்கள். சுற்று 9 சதவீதம் கூடினால் பிளேடின் வேரில் இழுவிசை சுமார் 19 சதவீதம் கூடும். கார்பன் பிளேடுக்கு மாறுங்கள், அதன் உறையில் அச்சிட்டிருக்கும் உச்ச ஆர்பிஎம்மைப் படியுங்கள். கிரிப்பிலும் (பிளேடைப் பிடிக்கும் பகுதி) ஃபெதரிங் ஷாஃப்டின் (இரு கிரிப்பையும் இணைக்கும் தண்டு) இரு முனைத் திருகிலும் பழைய திரெட்லாக் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) பிடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் கழற்றி, எண்ணெய் போகத் துடைத்து, நீல திரெட்லாக் ஒரு சிறு சொட்டு வைத்து முடுக்குங்கள்.

பெனோனி_450

அண்ணா சொன்னது சரி. ஆனால் 12 எதற்கு, நேராக 13 பல் போட்டுவிட்டு த்ராட்டிலை 70-க்கு இறக்கினால் கோடைக்கும் சேர்த்துக் கை இருப்பு கிடைக்குமே?

பீனிக்ஸ்_சுழலி

கவர்னர் உள்ள ஈஎஸ்சி என்றால் யோசிக்கலாம், அதற்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும். இங்கே கவர்னர் இல்லை. பாதித் திறப்பில் ஈஎஸ்சி தொடர்ந்து வெட்டி வெட்டிக் கொடுப்பதால் கூடுதலாகச் சூடாகும். அதைக் குளிரவைக்கும் காற்றும் அங்கே மெலிந்தது. 40 ஆம்பியர் ஈஎஸ்சியை 80-90 சதவீதத் திறப்பில் ஓட்டுவதுதான் அதற்கு நல்லது. 13 பல்லில் 85 வைத்தால் 2,860 வரும். இந்த மோட்டாருக்கும் பேட்டரிக்கும் அது வீண் சுமை.

ஹெட் ஸ்பீடை ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். டாக்கோமீட்டர் இல்லாவிட்டால் ஒலி அலைவரிசை காட்டும் செயலி ஒன்று போனில் போதும். இரண்டு பிளேடு ஹெட், ஆகவே ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. செயலியில் அடியில் தெரியும் முதல் கூர்முனையின் ஹெர்ட்ஸை 30-ஆல் பெருக்கினால் ஆர்பிஎம். 80 ஹெர்ட்ஸ் என்றால் 2,400, 88 என்றால் 2,640. ஹெலி நிலையாக நிற்கும்போது இன்னொருவர் தள்ளி நின்று பதிவு செய்யட்டும். பிறகு குச்சியை மேலே தள்ளி எத்தனை ஹெர்ட்ஸ் இறங்குகிறது என்று பாருங்கள். நான்கைந்துக்கு மேல் இறங்கினால் பிட்ச் இன்னும் அதிகம், அரை அரை டிகிரியாகக் குறையுங்கள்.

மாரிட்ஸ்பர்க்_பிட்ச்

பினியன் மாற்றுவதில்தான் பலருக்குக் கியர் போகிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எந்த வேலைக்கும் முன்னால் மோட்டாரின் மூன்று கம்பியில் இரண்டைக் கழற்றி விடுங்கள். பேட்டரி போட்டு சர்வோ பார்க்கும்போது மோட்டார் கிளம்பினால் விரல் போய்விடும்.

பினியனின் சிறு திருகு மோட்டார் தண்டின் தட்டைப் பக்கத்தில் உட்கார வேண்டும். உருண்டைப் பக்கத்தில் முடுக்கினால் எத்தனை திரெட்லாக் வைத்தாலும் நழுவும். 12 பல் கொஞ்சம் பெரிது என்பதால் மோட்டாரைப் பின்னால் தள்ளியே ஆக வேண்டும். பழைய குறியிலேயே முடுக்கினால் பல் இறுகிவிடும். செய்தித்தாள் துண்டு ஒன்றைப் பினியனுக்கும் மெயின் கியருக்கும் நடுவே வைத்து, மோட்டாரை அழுத்தித் திருகுகளை முடுக்கி, கியரைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாளில் மடிப்பு விழ வேண்டும், கிழியக் கூடாது. மெயின் கியர் சரியான வட்டமாக இருப்பது அரிது. அதனால் கால் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி நான்கு இடத்தில் ஆட்டிப் பாருங்கள். மிக இறுக்கமான இடத்திலும் ஒரு நூல் ஆட்டம் இருக்க வேண்டும்.

அடுத்து வால் எல்லை. மோட்டார் கம்பி கழன்ற நிலையிலேயே ரட்டர் குச்சியை (மூக்கைத் திருப்புவது) முழு வலம் தள்ளுங்கள். வால் ஸ்லைடர் (வால் தண்டில் நகர்ந்து வால் பிளேடின் சாய்வை மாற்றும் துண்டு) கடைசிவரை போய், முட்டுவதற்கு அரை மி.மீ. முன்னால் நிற்க வேண்டும். பாதியில் நின்றால் கைரோவில் அந்தப் பக்க லிமிட் குறைவாக இருக்கிறது. கடலோரத்தில் அது தெரியாமலே ஓடியிருக்கும், மேட்டு நிலத்தில் மாட்டிக்கொள்ளும். புஷ்ராடை (சர்வோவையும் ஸ்லைடரையும் இணைக்கும் கம்பி) சர்வோவிலிருந்து பிரித்து விரலால் நகர்த்தினால் தன் எடையில் வழுக்கிப் போகிற மாதிரி இருக்க வேண்டும். டர்பன் உப்புக் காற்றில் இருந்த ஹெலி என்பதால் வால் கிரிப் பேரிங்கையும் பாருங்கள். துரு இருந்தால் சுற்றும்போது விரலில் கரகரப்பு தெரியும். அதற்கு எண்ணெய் விட்டு ஒப்பேற்ற வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

சுற்று கூடியதும் வால் இரண்டு பக்கமும் வேகமாக ஆட ஆரம்பித்தால் பயப்பட வேண்டாம், கெயின் (கைரோ எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்ற அளவு) அதிகம் என்று பொருள். பழைய அளவில் பத்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்கி, ஆட்டம் நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே விடுங்கள்.

மூன்று நிமிடக் கதை: மெல்ல வலுவிழந்தால் அது பெரும்பாலும் ஈஎஸ்சி தன்னைக் காத்துக்கொள்வது. இறங்கியதும் இரண்டு பாருங்கள். பேட்டரி ஓய்வில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் காட்டி, ஈஎஸ்சி தொட முடியாமல் சுட்டால் வெப்ப வெட்டு. ஈஎஸ்சி வெதுவெதுப்பாகவே இருந்தால் வோல்டேஜ் வெட்டு. ஹைவெல்ட் (ஜோகன்னஸ்பர்க் மேட்டு நிலம்) குளிர்காலக் காலையில் குளிர்ந்த லைப்போ சுமையில் சட்டென்று சரியும், ஓய்வில் மறுபடி ஏறி நல்ல பிள்ளையாக நிற்கும். பேட்டரியை அறைச் சூட்டில், 20 டிகிரிக்கு மேல் வைத்திருந்து களத்தில் கடைசி நேரத்தில் மாட்டுங்கள்.

லெனேசியா_ரோட்டர்

நன்றி அண்ணா, எல்லோருக்கும். கார்பன் பிளேடு, 12 பல், பிட்ச் 11. செயலி 88 ஹெர்ட்ஸ் காட்டுகிறது. மேலே தள்ளினால் 85. மூக்கு திரும்புவது நின்றுவிட்டது. வலப்பக்க ரட்டர் லிமிட் பாதியில்தான் இருந்தது, அதையும் சரிசெய்தேன். முன்பு இறங்கியதும் ஈஎஸ்சி சுட்டது, இப்போது வெதுவெதுப்புதான்.

வால் வெட்டுவது மட்டும் நிற்கவில்லை. கெயினை எவ்வளவு குறைத்தாலும் அதேதான். நிற்கும்போதும் வரும், வேகமாகப் போகும்போதும் வரும். ஒருமுறை சின்னதாக 'டிக்' என்று கேட்டது.

பெனோனி_450

அந்த 'டிக்'தான் விடை. நிலைமின்சாரம்.

ரப்பர் பெல்ட் பல்சக்கரத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்து ஓடும்போது மின்னூட்டம் சேரும். டர்பன் ஈரக் காற்றில் அது அவ்வப்போது கசிந்துவிடும். இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று காய்ந்து கிடக்கிறது, கசிய வழியில்லாமல் வால் குழாயில் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ஃப்ரேமுக்கோ சர்வோ கம்பிக்கோ பொறியாகத் தாவும். அந்த நொடியில் கைரோ தடுமாறும். கெயினைத் தொட்டு இதைத் தீர்க்க முடியாது.

மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து ஒரு முனையை வால் குழாயிலும் மற்றதை மோட்டார் மவுண்டிலும் வையுங்கள். 'பீப்' வராது என்றே நினைக்கிறேன். குழாயின் மேல் உள்ள அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது, நடுவில் பிளாஸ்டிக் பிடிப்பானும் இருக்கும். குழாய் ஃப்ரேமுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறு பொட்டு அளவு உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை உலோகம் தெரிய வையுங்கள். மெல்லிய கம்பியின் ஒரு முனையை அந்தப் பொட்டின் மேல் வைத்துப் பிடிப்பானால் அழுத்துங்கள், மறுமுனையை மோட்டார் மவுண்ட் திருகின் அடியில் வளையமாகச் சுற்றி முடுக்குங்கள். குழாயும் ஃப்ரேமும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிட்டால் பொறி தாவக் காரணம் இல்லை. கம்பி மெயின் கியரிலோ பெல்ட்டிலோ உரசாமல் கட்டுங்கள்.

பெல்ட்டின் இறுக்கத்தையும் பாருங்கள். குழாயின் முன்வாயில் விரலால் அழுத்தினால் சில மி.மீ. உள்ளே போக வேண்டும், எதிர்ப்பக்கத்துப் பட்டையைத் தொடக் கூடாது. மிகத் தளர்ந்தால் உட்சுவரில் உரசி மின்னூட்டத்தைக் கூட்டும், மிக இறுகினால் மோட்டாருக்குச் சுமை. கிராஃபைட் தூள் கொஞ்சம் தூவலாம். எண்ணெய் கூடவே கூடாது, ரப்பர் ஊறிவிடும்.

வால் சர்வோ குழாயின் மேலேயே இருந்தால் அதன் கம்பி குழாயை நேரடியாகத் தொடாமல் பின்னல் உறைக்குள் போகட்டும்.

சோதிக்க மெயின் பிளேடு, வால் பிளேடு இரண்டையும் கழற்றுங்கள். மங்கிய வெளிச்சத்தில், ஹெலியை மேசையில் உறுதியாகக் கட்டி, த்ராட்டில் 40-ஐத் தாண்டாமல் சில நொடி ஓட்டுங்கள், முகத்தை ரோட்டரின் மட்டத்திலிருந்து விலக்கி வையுங்கள். கம்பி போடுவதற்கு முன் ஒருமுறை, போட்ட பின் ஒருமுறை. முதலில் 'டிக்' கேட்டு இரண்டாவதில் கேட்காவிட்டால் வேலை முடிந்தது. இரண்டிலும் கேட்டால் மல்டிமீட்டரை மறுபடி எடுங்கள்: அந்தப் பொட்டில் அனோடைஸ் இன்னும் மிச்சம் இருக்கிறது.