புதுப்பிப்பு: 512 எம்பி ராம் நெட்புக் இப்போது ஓடுகிறது

போன மாதம் கேட்டிருந்தேன்: பழைய ஆட்டம் என்270 நெட்புக், 512 எம்பி ராம், டெபியன் லினக்ஸில் பிரவுசரைத் திறந்ததும் ஹார்டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது, மவுஸ்கூட நகரவில்லை, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பெரிய மாற்றம் லினக்ஸில் உள்ள இசட்ராம் (zram) என்ற வசதிதான். ராமின் ஒரு பகுதியையே சுருக்கப்பட்ட ஸ்வாப்பாக (ராம் போதாதபோது தரவைத் தள்ளி வைக்கும் இடம்) அது வைத்துக்கொள்கிறது, அதனால் லினக்ஸின் மையமான கெர்னல் வெளியே தள்ளும் நினைவகப் பக்கங்கள் ஹார்டிஸ்க்குக்குப் போகாமல் ராமிலேயே சுருங்கி உட்கார்ந்துவிடுகின்றன. சுருக்கி விரிப்பது பிராசஸருக்குக் கூடுதல் வேலைதான், ஆனால் சுழலும் டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரத்தோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. 256 எம்பி ஒதுக்கி, ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று கெர்னலுக்குச் சொல்லும் ஸ்வாப்பினஸ் எண்ணை 60இலிருந்து 100க்கு ஏற்றினேன்.

ராம் நிலவரத்தைக் காட்டும் 'ஃப்ரீ' கட்டளையில் கடைசிப் பத்தியான 'அவைலபிள்' எண்ணைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னது ரொம்பச் சரி. கோப்புகளின் கேஷுக்கு (வேகத்துக்காக ராமில் வைக்கும் பிரதி, தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும்) போயிருந்த இடத்தையெல்லாம் தீர்ந்துபோனதாக நினைத்து இத்தனை நாள் பயந்திருக்கிறேன்.

அப்புறம் டெபியனை எடுத்துவிட்டு 32 பிட் ஆல்பைன் என்ற இலகுவான லினக்ஸைப் போட்டேன். 2025இல் வந்த டெபியன் 13இல் இதுபோன்ற 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே இல்லை, எப்படியும் மாற வேண்டியதுதான். டெஸ்க்டாப் எதுவும் இல்லை, ஜன்னல்களை மட்டும் கையாளும் விண்டோ மேனேஜர் மட்டும். தமிழ் எழுத்துருவைத் தனியாக நிறுவுங்கள், இல்லையென்றால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

இணையம்தான் இன்னும் சிரமம். டில்லோ பிரவுசர் சட்டென்று திறக்கிறது, ஆனால் அதில் ஜாவாஸ்கிரிப்ட் கிடையாது. ஃபயர்ஃபாக்ஸில் ஒரே ஒரு டேப், அதற்கு மேல் தாங்காது.