நொன்-நோர்மல் செக்லிஸ்ட்டுக்கு ‘கோளாறுப் படிமுறை’?

டீச்சர், பண்டாரவளை அண்ணன், எல்லோருக்கும் வணக்கம்.

டீச்சர் தொகுக்கும் விமானத்துறைத் தமிழ்ச் சொற்பட்டியலில், செக்லிஸ்ட் என்று எங்கே வந்தாலும் ‘சரிபார்ப்புப் பட்டியல்’ என்றே போட்டுவிடலாம் என்று அண்ணன் எழுதியிருந்தார். வழமையான செக்லிஸ்ட்டுக்கு அது சரி. விமானிகள் வேலையைப் பழக்கத்தில் முடித்துவிட்டு, ஏதும் விடுபட்டதா என்று வாசித்துப் பார்ப்பார்கள். ஆனால் பறந்துகொண்டிருக்கும்போது ஹைட்ரோலிக் பழுதானால் எடுக்கும் நொன்-நோர்மல் செக்லிஸ்ட் வேறு. ஒருவர் விமானத்தை ஓட்ட, மற்றவர் கையேட்டில் ஒரு வரியை வாசித்து அதைச் செய்வார். பிறகுதான் அடுத்த வரி. இன்னும் செய்யாத வேலையை எப்படிச் சரிபார்ப்பது?

நொன்-நோர்மலுக்கு ‘அசாதாரண’ என்ற அடைமொழியும் வேண்டாம். நம் நாட்டுப் பத்திரிகைகளில் ‘அசாதாரண சூழ்நிலை’ என்றால் என்னவென்று 83 கலவரத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும்.

என் யோசனை: ‘கோளாறுப் படிமுறை’. கையேட்டைத் திறக்குமுன் நினைவிலிருந்தே செய்பவை ‘மனனப் படிகள்’. ஏன் மனனம்? விமானம் 35,000 அடியில் போனாலும் உள்ளே காற்றழுத்தம் ஏறக்குறைய 8,000 அடி உயரத்துக்குரியதாக இருக்கும். நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலவின் உச்சியே 8,281 அடி. அங்கே நிற்கிற மாதிரிதான். அந்த அழுத்தம் சட்டென்று போனால் புத்தி தெளிவோடு வேலை செய்ய ஒரு நிமிடம்கூட இருக்காது. பக்கம் புரட்ட நேரமேது? முதலில் ஒட்சிசன் முகமூடி, அடுத்து பக்கத்து ஆளோடு பேச முடிகிறதா என்று பார்ப்பது. மற்றதெல்லாம் பிறகு.

அங்கும் சரிபார்த்தல் உண்டே என்று அண்ணன் மடக்குவார். உண்டு. எஞ்சினை நிறுத்தும் லீவரில் கையை வைத்து, ‘இதுதானே?’ என்று கேட்டு, மற்றவர் ஆமென்ற பிறகே இழுப்பார்கள். 1989 ஜனவரி 8இல் இங்கிலாந்தின் கெக்வேர்த் அருகே விழுந்த போயிங் 737இல், பழுதான இடது எஞ்சினை விட்டுவிட்டு நன்றாக ஓடிய வலது எஞ்சினை நிறுத்தியிருந்தார்கள். 47 பேர் இறந்தார்கள். ஆனால் இந்தக் கேட்டுச் செய்தலுக்கு ‘உறுதிப்படுத்தல்’ என்று தனியாகவே வைக்கலாம்.

டீச்சர் இந்தச் செக்லிஸ்ட்டுக்கு உதாரணமாக ஏழு கன்னியர் மலை விமான விபத்தைச் சொல்லியிருந்தார். மஸ்கெலியாப் பக்கத்து ஆட்களுக்கு முதலில் வரும் ஞாபகம் அதுதான். ஆனால் 1974 டிசம்பர் 4இல் ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த டீசி-8 அங்கே மோதி 191 பேரும் மாண்டது, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று விமானிகள் பிழையாகக் கணித்துக் கீழே இறங்கியதால். இந்தச் சொல்லுக்கு அது பொருந்தாது.

எனக்கே இடிக்கிற இடம் ஒன்று உண்டு. பயணி ஒருவரின் போன் பற்றரி புகைந்தாலும் இதே கையேட்டைத்தான் திறப்பார்கள். அதை விமானத்தின் கோளாறு என்று சொல்ல முடியாது. ‘இடர்ப் படிமுறை’ என்று போட்டால், ஒரு ஜெனரேட்டர் நின்றதற்கு அது ரொம்பப் பெரிய சொல். ‘படிமுறை’ நிற்கட்டும். முன்சொல்லுக்கு இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால், டீச்சர் பட்டியலை அச்சுக்குக் கொடுக்குமுன் எழுதுங்கள்.

ஹட்டனிலிருந்து