ஏற்காடு எஸ்டேட்டிலிருந்து வந்த கண்ணாடி மீன், பறவை, மான்: யார் செய்தது?

கோரிமேட்டுப்பெண்:
வணக்கம். எங்கள் தாத்தா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1948இல் துரை சீமைக்குக் கப்பல் ஏறியபோது பங்களாவில் இருந்த மூன்று கண்ணாடிப் பொம்மைகளைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படியே நம்பி வளர்ந்தேன். மீன் உள்ளங்கை அளவு, செம கனம். நடுவில் பச்சை, அதைச் சுற்றித் தேன் நிறம், அதற்கும் மேலே நிறமில்லாத கண்ணாடி. பறவை நாவல்பழ நிறத்தில் உருண்டையாக, வால் நீண்டு இருக்கும். மான் சுண்டுவிரல் உயரம்தான், கால்கள் ஊதுவத்திக் குச்சி மாதிரி, ஒன்று ஒடிந்து ஒட்டியிருக்கிறோம். போன வாரம் பழைய சாமான் வாங்கும் ஒருவர் வந்து பார்த்து "மூணும் முரானோம்மா" என்றார், அதாவது இத்தாலியின் பேர்போன, விலை உயர்ந்த கண்ணாடியாம், அதே மூச்சில் 2,000 ரூபாய் தருகிறேன் என்றும் சொன்னார். அங்கேதான் இடித்தது. ஸ்டிக்கர் எதிலும் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பழசுப்பெட்டி:
மூன்றையும் ஒரே கை செய்திருக்க வாய்ப்பே இல்லை, செய்முறையே வேறு வேறு. மான், கண்ணாடிக் குச்சியைத் தீச்சுடரில் காட்டி இளக்கி இழுத்துச் செய்தது. ஜெர்மனியில் லௌஷா என்ற ஊர் இதற்குப் பேர்போனது, நம் ஃபிரோசாபாத்காரர்களும் செய்வார்கள். ஆடி மாதம் சேலம் போஸ் மைதானப் பொருட்காட்சியில் கண்ணெதிரே அன்னம், மான் எல்லாம் செய்து கொடுத்ததை நான் சின்ன வயதில் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். இந்த வகையில் முத்திரை வைக்க இடமே கிடையாது, அதனால் மானை விட்டுவிடுங்கள்.

மீன்தான் சுவாரசியம். ஒரு நிறக் கண்ணாடி உருண்டையை வேறு நிறக் குழம்பில் முக்கி முக்கி எடுத்தால் இப்படி அடுக்கடுக்காக வரும். இத்தாலியில் சொம்மெர்சோ என்பார்கள், மூழ்கியது என்று பொருள். முரானோ தீவில் இது பெரிய அளவில் நடந்தது உண்மைதான், ஆனால் செக் நாட்டிலும் இதே மாதிரி மீன் செய்தார்கள், பிற்பாடு சீனாவிலிருந்தும் வந்து குவிந்தது. முரானோ பட்டறைகள் பலவும் வெறும் காகித ஸ்டிக்கர்தான் ஒட்டின, நாலு முறை கழுவினால் போய்விடும். ஸ்டிக்கர் இருந்தாலும் நம்பிவிடக் கூடாது: அந்தத் தீவு இருக்கும் வெனெட்டோ மாநிலம் முரானோவுக்கென்று முத்திரைச் சட்டம் போட்டதே 1994இல்தான், அந்த முத்திரையை ஒட்டிக்கொண்டு 1950களின் பொம்மை என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்! மீனின் அடிப்பாகம் எப்படி இருக்கிறது? செய்யும்போது பிடித்திருந்த இரும்புக் கம்பியிலிருந்து உடைத்த வடு சொரசொரவென்று இருக்கிறதா, தேய்த்து மெருகு போட்டிருக்கிறதா?

கொலுசுப்பட்டறை:
நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வேலை செய்பவன், கண்ணாடி தெரியாது, முத்திரை தேடத் தெரியும். பறவையைக் கவிழ்த்து அடியில் வாயை வைத்து "ஹா" என்று ஊதுங்க அக்கா. அமிலத்தில் அரித்த எழுத்து சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது, ஆவி படியும்போது அந்த இடம் மட்டும் வேறு மாதிரி தெரியும். இரண்டு விநாடிதான், அதற்குள் பார்க்கணும். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடிங்க, டியூப்லைட் வேண்டாம்.

கோரிமேட்டுப்பெண்:
தம்பி, மூன்றாவது ஊதலில் தெரிந்துவிட்டது! "வெட்ஜ்வுட்", கூடவே "இங்கிலாந்து". ஐம்பது வருடமாக ஷோகேஸில் இருக்கிறது, துடைத்த ஒருவருக்கும் தெரியவில்லை. மீனின் அடி வழவழப்பு, தட்டையாகத் தேய்த்திருக்கிறது, பொட்டு அளவு குழிகூட இல்லை. சரி, துரை இங்கிலாந்துக்காரர்தானே, பறவைக் கணக்கு சரியாக வருகிறது இல்லையா?

பழசுப்பெட்டி:
வரவில்லையே. வெட்ஜ்வுட் 1759இலிருந்து இருக்கும் கம்பெனிதான், ஆனால் அது பீங்கான். கிங்ஸ் லின் என்ற ஊரில் 1967இல் ஸ்டெனட்-வில்சன் என்பவர் தொடங்கிய கண்ணாடிப் பட்டறையை வெட்ஜ்வுட் 1969இல் வாங்கியது, இந்தக் கண்ணாடிப் பறவைகள் எல்லாம் அதற்கப்புறம் வந்தவை. 1948இல் போன துரை இதைக் கொடுத்திருக்க முடியாது. வீட்டில் பெரியவர்களை இன்னொரு முறை கேளுங்கள்.

மீனைப் பொறுத்தவரை, மெருகிட்ட அடி நல்ல அறிகுறி, அவ்வளவுதான். கையெழுத்தோ பழைய ரசீதோ பட்டறைப் படப்பட்டியலோ கிடைக்காதவரை "முரானோ வகை" என்று மட்டும் சொல்லுங்கள். யாராவது புற ஊதா டார்ச் அடித்து, பச்சை பளீரென்று மின்னுகிறது, அதனால் அசல் என்பார்கள். மின்னினால் யுரேனியம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். செய்தவன் பெயரை டார்ச் சொல்லாது.

கோரிமேட்டுப்பெண்:
அம்மாவிடம் கேட்டேன். முதலில் "துரை குடுத்ததுதான்டி" என்று சாதித்தார். அத்தையிடம் போனைப் போட்டால், "அடிப்பாவி, பறவை என் கல்யாணத்துக்கு எஸ்டேட்டிலிருந்து வந்த பரிசு, உங்கம்மாதான் கொலுவில் வைக்க வாங்கிட்டுப் போனா, திரும்பி வரவே இல்ல" என்கிறார். கல்யாணம் 1974இல். ஆக மீன் மட்டும்தான் துரை காலத்தது, அதுவும் அத்தை சொல்லித்தான். மானை யாருக்கும் ஞாபகமில்லை.

இன்று காலை அந்த ஆள் மறுபடி போன் செய்தார். 3,000 தருகிறாராம், மீன் மட்டும் போதுமாம்.

கொலுசுப்பட்டறை:
குடுத்துடாதீங்க அக்கா. பறவையை அத்தை கண்ணில் படாமல் வைங்க.