ஜானஸ் துகள் பாதிப்பாதியாக வரமாட்டேன் என்கிறது, உதவுங்கள் (ஊட்டி)

குறிஞ்சி_12: வணக்கம். தானாக அடுக்கிக்கொள்ளும் படலத்துக்காக இருமுக (ஜானஸ்) நானோ துகள் செய்கிறேன். ஒரு பக்கம் பாலிஸ்டைரீன், மறுபக்கம் பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்). இரண்டு பாலிமரையும் கரைப்பானில் கரைத்து, தண்ணீரில் சிறு துளிகளாக்கி, கரைப்பானை ஆவியாக்குகிறேன். கோவையில் இதே முறையில் நன்றாக வந்தது. ஊட்டிக்கு வந்த பிறகு ஒன்று மற்றதை முழுசாக மூடிக்கொள்கிறது. மூன்று வாரம் போய்விட்டது. அவசரம்.

மலைத்தேன்: எந்தக் கரைப்பான்? சர்பாக்டன்ட் (துளிகள் ஒட்டாமல் காக்கும் சோப்பு போன்ற பொருள்) எது, எவ்வளவு? எப்படி ஆவியாக்குகிறீர்கள்?

கரைசல்72: உயரம்தான் காரணம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தம் குறைவு, கரைப்பான் சீக்கிரம் போய்விடும். இரண்டு பாலிமரும் தனித்தனிப் பக்கம் ஒதுங்குவதற்குள் துளி இறுகிவிடும். மூடி வைத்துச் செய்யுங்கள்.

பழைய_வாத்தியார்: அடிப்படையைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வராது தம்பி. இயற்பியலாளர் டி ஜென் 1991 நோபல் உரையிலேயே பேசிய துகள் இது. எது எதை மூடும் என்பது இடைமுக இழுவிசைக் கணக்கு, அதாவது இரண்டு பொருள் தொடும் பரப்பில் உள்ள இழுவிசை. பிஎம்எம்ஏவுக்குத் தண்ணீரோடு ஒட்டுதல் அதிகம். விட்டால் அதுதான் வெளியே நிற்கும்.

கரைசல்72: நாங்களும் படித்தவர்கள்தான் சார். இங்கே தண்ணீரே 93 டிகிரிக்குள் கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?

மலைத்தேன்: பருப்பைக் கொதிக்க வைக்கிறோம். இவர் கரைப்பானைக் கொதிக்க வைப்பதாகச் சொல்லவில்லையே. குளிரில் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும்.

கரைசல்72: அழுத்தத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது.

குறிஞ்சி_12: மன்னிக்கவும், கரைப்பான் டொலுயீன். சர்பாக்டன்ட் எஸ்டிஎஸ் (சோடியம் டோடெசில் சல்பேட்). இரவு முழுக்க ஸ்டிரரில் திறந்தபடி சுழலும். காலையில் அறை 11 டிகிரி.

கோத்தகிரிக்காரி: அந்த 11தான் வில்லன். சுமார் 16 டிகிரிக்குக் கீழே போனால் எஸ்டிஎஸ் படிகமாக இறங்க ஆரம்பிக்கும். காலையில் ஸ்டிரரை நிறுத்திவிட்டு, பீக்கரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அடியில் மினுக்கும். தண்ணீரில் எஸ்டிஎஸ் குறைந்தால் பாலிஸ்டைரீன் தண்ணீரைத் தாங்காது, பிஎம்எம்ஏ அதைச் சுற்றிக்கொள்ளும். வாத்தியார் சொன்ன கணக்கும் இதுதான். 25 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்து ஆவியாக்குங்கள். அப்புறம், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுக்கும் முன் ருத்தீனியம் டெட்ராக்சைடு சாயம் ஏற்றச் சொல்லுங்கள். பாலிஸ்டைரீன் பக்கம் கறுத்துத் தெரியும், எது எந்த முகம் என்று குழப்பம் வராது. நச்சு ஆவி, ஃபியூம் ஹூடுக்குள்தான் செய்ய வேண்டும்.

பழைய_வாத்தியார்: சரியான பதில்.

குறிஞ்சி_12: ஆமாம், நகக்கண் அளவு வெள்ளைப் படிவு இருந்தது. பீக்கரை உள்ளங்கையில் பிடித்திருந்தேன், அந்தச் சூட்டில் படிவு கரைந்துவிட்டது. நேற்றிரவு வாட்டர் பாத்தில் வைத்தேன். படம் கோவையிலிருந்து வரவேண்டும். நன்றி அக்கா.

மலைத்தேன்: எஸ்டிஎஸ் எத்தனை சதவீதம் என்று இன்னும் சொல்லவில்லை.