கோண்டாவில் வீட்டுக் குறூப்: நிரூவுக்கு மூண்டு செயின் வீல்

நிரூ: சித்தப்பா நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க எனக்கொரு சாமான் கொண்டு வருவீங்களோ. றோட் பைக்குக்குப் போடுற கிராங்செற் (பெடல் தண்டும் முன் பல்லுச் சில்லுகளும்), ட்ரிபிள், எண்டா மூண்டு செயின் வீல் உள்ளது. இஞ்ச கடையளில கேட்டுப் பாத்திட்டன், மவுன்டன் பைக்குக்குப் போடுற பாரச் சாமான்தான் கிடக்கு

சுவிஸ் சித்தப்பா: கொண்டு வரலாம். ஆனா உனக்கேன் ட்ரிபிள்? யாழ்ப்பாணத்தில ஏத்தம் எண்டா சங்குப்பிட்டிப் பாலம்தானே 😄

நிரூ: தைப்பொங்கல் கழிய நாங்கள் நாலு பெடியள் நுவரெலியாவுக்கு உழக்கிறதெண்டு யோசிச்சிருக்கிறம்

வதனி அன்ரி: ஆர் விட்டது? அம்மாவுக்குச் சொன்னனியோ

நிரூ அம்மா: இப்பத்தான் நானும் வாசிக்கிறன்

குமார் மாமா: 95 இடப்பெயர்வில நான் ஒரே கியர் லுமாலாச் சைக்கிளில அம்மம்மாவை முன்னுக்கும் நெல்லுமூட்டையைக் கரியரிலயும் ஏத்திக்கொண்டு சாவகச்சேரி மட்டும் போனனான். இவைக்கு மூண்டு செயின் வீல் வேணுமாம்

நிரூ: மாமா சாவகச்சேரி மட்டும் சமதரை 🙏

சுவிஸ் சித்தப்பா: தம்பி கேள், இப்ப இஞ்ச ஒருத்தரும் றோட் பைக்குக்கு ட்ரிபிள் போடுறேல்ல, 2014இல சிமானோ 105ஐ 11 ஸ்பீட் ஆக்கினபோதே ட்ரிபிளை விட்டிட்டாங்கள், நான் கொத்தார்ட் மலை ஏறுறது 50/34 கொம்பாக்டில, எண்டா 50 பல்லும் 34 பல்லுமா ரெண்டு செயின் வீல், பின்னுக்கு 32 பல்லுப் போட்டு, அதில 34ஐ 32ஆல பிரிச்சா 1.06 வரும், ஒருக்கா உழக்கப் பின் சில்லு அவ்வளவு சுத்தும், பழைய றோட் ட்ரிபிள் 50/39/30இல பின்னுக்கு 28 போட்டாலும் 1.07தான், ரெண்டும் ஒண்டுதானே, பிறகென்னத்துக்கு ஒரு செயின் வீலைச் சும்மா காவுறாய். ட்ரிபிள் எண்டா கிராங்கோட முடியாது, இடப்பக்க லீவர் மாத்தவேணும், முன் டெரெய்லர் (செயினை வீலுக்கு வீல் தள்ளுறது) மாத்தவேணும், பி.பி. அச்சு (கிராங் சுத்துற நடு அச்சு) மாத்தவேணும், பின் டெரெய்லர் நீட்டுக் கூடு உள்ளதா வேணும். உன்ர சைக்கிளின்ர படம் போடு பாப்பம்

நிரூ: 📷 படம்
நிரூ: 📷 படம்

பேராதனைக் கபிலன்: டேய் உது நல்ல பழைய ஸ்ரீல் பிறேம். கியர் லீவர் கீழ்க்குழாயில கிடக்கு, கிளிக் இருக்கோ?

நிரூ: இல்லை, சும்மா இழுபடும்

கபிலன்: அப்ப சித்தப்பா சொன்ன லீவர்ச் செலவு உனக்கில்லை. கிளிக் இல்லாத லீவர் ரெண்டு செயின் வீலுக்கும் இழுக்கும் மூண்டுக்கும் இழுக்கும். பின்னுக்கு என்ன?

நிரூ: 7 ஸ்பீட் பிறீவீல், 14 பல்லில இருந்து 28 மட்டும். முன்னுக்கு 52/42

கபிலன்: சித்தப்பா உங்கட 32 பல்லுக் கசெற் (பின் பல்லுச் சில்லுத் தொகுதி) இதில ஏறாது, இது வீல் ஹப்பில புரியில திருகிற பிறீவீல். கொம்பாக்ட் போட்டாலும் இவனுக்குக் கிடைக்கிறது 34/28தான், முன்னுக்கு 34 பின்னுக்கு 28. நிமிசத்துக்கு 60 சுற்று உழக்கினா, இப்ப இருக்கிற 42/28 மணிக்கு 11 கிலோமீற்றருக்கு மேல கேக்கும், கொம்பாக்ட் 9 சொச்சம். அந்த வேகத்தில நுவரெலியா றோட்டில றம்பொடை ஏத்தம் ஏறேலாட்டி சுற்றுக் குறையும், முழங்கால் நோகும், பேந்து இறங்கி உருட்டுறதுதான்

நிரூ: 34 பல்லுப் பிறீவீல் ஒண்டு கடையில இருக்கு மச்சான், அதைப் போட்டாக் காணாதோ?

கபிலன்: அது 14-16-18-20-22-24, அதுக்குப் பிறகு ஒரே பாய்ச்சலா 34. ஏத்தத்தில 24 பாரமாக் கிடக்கும், 34க்கு விட்டா கால் சும்மா சுத்தும், நடுவில ஒண்டுமில்லை. 42ஓட போட்டாலும் கொம்பாக்ட் அளவுக்குத்தான் இறங்கும்

குமார் மாமா: கணக்கு வாத்தியார் மாதிரிக் கதைக்கிறான்

கபிலன்: 😂 மாமா நான் இந்த றோட்டில உழக்கிப் பாத்தனான். பேராதனை கிட்டத்தட்ட 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868. கம்பளை மட்டும் பெரிசா ஒண்டும் தெரியாது, புசல்லாவைக்குப் போகேக்க தொடங்கும், றம்பொடை தாண்டி லபுக்கலைத் தேயிலைக்குள்ளால வளைஞ்சு வளைஞ்சு ஏறேக்க விடவே விடாது. அதுவும் இவன் யாழ்ப்பாணம் கண்டி றோட்டு, 321 கிலோமீற்றர் ஏ9ஐ உழக்கி, கரியரில பையும் கட்டிக்கொண்டெல்லோ வரப்போறான்

சுவிஸ் சித்தப்பா: சரி ட்ரிபிள் எண்டே வை. எந்த அளவு? 52/42/30 பழசு இஞ்ச மலிவா எடுக்கலாம்

கபிலன்: வேண்டாம் சித்தப்பா, 52ஐ இவன் எங்க உழக்கப் போறான். 46/36/26 பாருங்கோ, சுகினோ எக்ஸ்.டி. அப்பிடித்தான் வாறது. 26/28 எண்டா அதே 60 சுற்றில மணிக்கு 7 கிலோமீற்றர், பையோட இருந்துகொண்டே ஏறலாம். யாழ்ப்பாணத்துக்குள்ள 36ஐ விட்டு இறங்கவே தேவையில்லை, பின்னுக்கு 16இல விட்டு 80 சுற்று உழக்கினா 23 கிலோமீற்றர் வரும். ஆகப் பெரிய கியர் 46/14இலயும் 90 சுற்றுக்கு 37 ஓடும், அதுக்கு மேல இறக்கத்தில பிறேக்கைத்தானே பிடிக்கிறது

நிரூ: காத்து??

கபிலன்: தையில வாடை. ஆனையிறவில பக்கத்தால தள்ளும், பரந்தன் கழிய முதுகில பிடிக்கும். எதிர்க்காத்துச் சோளகத்தில வெளிக்கிட்டிருந்தா 26ஐ வன்னியிலயே போட்டிருப்பாய்

வதனி அன்ரி: நிரூ சொக்லேட்டுக்கு இடம் விடு, சித்தப்பாவுக்கு 30 கிலோதானாம்

சுவிஸ் சித்தப்பா: 🤣 கபிலன் பழசா வாங்கினா என்ன பாக்கவேணும்

கபிலன்: பல்லு சுறாச்செட்டை மாதிரிக் கூராச் சாய்ஞ்சிருந்தா வேண்டாம். கிராங்கின்ர சதுர ஓட்டை விரிஞ்சிருந்தா கட்டாயம் வேண்டாம், அது எவ்வளவு இறுக்கினாலும் திரும்பத் திரும்பக் கழரும். பெடல் புரியையும் பாருங்கோ. மற்றது 110/74 போல்ட் வட்டம் (செயின் வீல் பூட்டுற போல்ட்டுகளின்ர வட்ட விட்டம், மில்லிமீற்றரில) உள்ளதா எடுங்கோ, 74இல 24 பல்லும் பூட்டலாம், 110 எண்டா நடு வீலையும் சின்னனாக்கலாம். பழைய றோட் ட்ரிபிள் 130/74, அதில நடு வீல் 38க்குக் கீழ இறங்காது. பி.பி. அச்சு கிராங்குக்குச் சொன்ன நீளத்திலேயே வேணும், கட்டையாப் போனா சின்ன செயின் வீல் பிறேமில முட்டும்

நிரூ: பழைய டெரெய்லர் ரெண்டும் கிடக்கட்டுமோ

கபிலன்: ஏலாது. முன்னுக்கு உள்ளது ரெண்டு வீலுக்குச் செய்த ஒடுக்கமான கூடு, 26இல செயின் கிடந்தா உராயும். பின்னுக்கு 46இல 26 போக 20, 28இல 14 போக 14, கூட்டினா 34 பல்லு வித்தியாசத்துக்குச் செயினை இழுத்துப் பிடிக்கவேணும், உன்ர கட்டைக் கூடு தொங்கவிட்டிடும். மவுன்டன் பைக் நீட்டுக் கூடு யாழ்ப்பாணத்திலயே எடு, உன்ர லீவருக்கு எந்தக் கொம்பனியும் சரி. அப்பவும் 26ஐயும் 14ஐயும் சேத்துப் போடாதை

நிரூ அம்மா: எல்லாம் சரி, இரவில ஏ9இல ஓடுறேல்ல. பஸ்காரர் ஒதுங்க விடாங்கள். வவுனியாவில மாமி வீட்டில நிக்கவேணும்

நிரூ: ஓம் அம்மா

நிரூ அம்மா: நுவரெலியாக் குளிருக்குச் சுவெற்றர்?

சுவிஸ் சித்தப்பா: நிரூ, பி.பி. அச்சுப் போற கூட்டின்ர அகலமும் சீற் குழாயின்ர விட்டமும் அளந்து அனுப்பு. 68 மில்லிமீற்றர் எண்டா ஒண்டு 70 எண்டா வேற, தெரியாமல் வாங்கேலாது

குமார் மாமா: என்னட்ட வேனியர் இருக்கு, வா

நிரூ: 68. குழாய் 28.6

சுவிஸ் சித்தப்பா: சரி. புதுசா இருந்தாலும் 46/36/26தான் தேடுறன், முன் டெரெய்லர் 28.6 குழாயைச் சுத்திப் பிடிக்கிற பட்டி உள்ளது. சுவெற்றரும் நான் கொண்டு வாறன் அண்ணி

வதனி அன்ரி: அப்ப சொக்லேட்??