ஹீத்ரோ – சூரிக் 788 கி.மீ.: டிக்கெட்டில் உள்ள நேரம் ஏன் கணக்குக்கு ஒத்துவரவில்லை?

கேள்வி:
லண்டன் ஹீத்ரோவில் காலை 9.00-க்குக் கிளம்பினால் சூரிக்கில் 11.40 என்று போட்டிருக்கிறது. திரும்பும்போது 12.30-க்குக் கிளம்பி 1.20-க்கே லண்டன். மணிக்கு 800 கி.மீ. வேகம் என்றால் இரண்டு பக்கமும் ஒரு மணி நேரம்தானே வர வேண்டும்? இறங்கியதும் பெர்னுக்கு ரயில் பிடிக்க வேண்டும். எவ்வளவு இடைவெளி விடலாம்?

பதில் 1:
இரண்டு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி. சூரிக் லண்டனைவிட 1 மணி நேரம் முன்னால். ஆக, போக 1 மணி 40 நிமிடம், வர 1 மணி 50 நிமிடம். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் இரண்டு நாடுகளும் ஒரே கணத்தில் கடிகாரத்தை மாற்றுவதால் இந்த 1 மணி நேர வித்தியாசம் வருடம் முழுக்க மாறாது. மிக உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் காற்று, லண்டனுக்குத் திரும்பி வரும்போது எதிர்க்காற்று. குளிர்காலத்தில் இன்னும் பலம்.

பதில் 2:
788 கி.மீ. என்பது வரைபடத்தின் மிகக் குறுகிய கோடு. விமானம் அந்தக் கோட்டில் போவதில்லை. ஹீத்ரோவில் பெரும்பாலான நாட்கள் மேற்கு நோக்கித்தான் ஏறுவார்கள், பிறகுதான் தென்கிழக்கே திரும்பும். சூரிக்கில் 14-ஆம் ஓடுபாதை என்றால் வடக்கே சுற்றி வந்து இறங்க வேண்டும். இதிலேயே 50 முதல் 100 கி.மீ. கூடிவிடும்.

800 கி.மீ. வேகமும் முழு வழிக்கும் கிடையாது. உச்ச உயரத்தை எட்டவே ஏறக்குறைய 20 நிமிடம். இறக்கம் 200 கி.மீ.க்கு முன்பே தொடங்கிவிடும், 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் (மணிக்கு 463 கி.மீ.)தான். காற்றில் இருப்பது சுமார் 1 மணி 15 நிமிடம். மீதி தரையில் ஓடுவதற்கு: டிக்கெட் நேரம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த கேட்டில் நிற்பது வரை. ஹீத்ரோவில் ஓடுபாதைக்குப் போகவே 15, 20 நிமிடம் சாதாரணம். திரும்பி வரும்போது நெரிசலிருந்தால் லண்டனுக்கு மேலே வட்டமடிக்க வைப்பார்கள். விமான நிறுவனங்கள் அதற்கும் சேர்த்துத்தான் நேரம் போடுகின்றன.

பதில் 3:
ரயிலுக்கு: பிரிட்டன் ஷெங்கனில் (தங்களுக்குள் பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) இல்லை, ஆகவே பாஸ்போர்ட் வரிசை உண்டு. விமானம் ஈ டாக்கில் (தனியாக உள்ள முனையக் கட்டடம்) நின்றால் ஸ்கைமெட்ரோ சுரங்க ரயிலில் மெயின் கட்டடத்துக்கு வர வேண்டும். கைப்பை மட்டும் என்றால் 1 மணி நேரம், பெட்டி போட்டிருந்தால் ஒன்றரை மணி நேரம் விடுங்கள். ரயில் நிலையம் விமான நிலையத்துக்கு அடியிலேயே; பெர்னுக்கு நேரடி ரயில், சுமார் ஒன்றேகால் மணி நேரம். மலிவான ஸ்பார்பில்லட் மட்டும் எடுக்காதீர்கள், அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். சாதாரண டிக்கெட்டில் அன்றைக்கு எந்த ரயிலும் ஏறலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. விமானமே தாமதமானால்?

பதில் 2:
போய்ச் சேர 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகி, காரணம் நிறுவனத்தின் பக்கம் என்றால், ஹீத்ரோவிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு 220 பவுண்ட் இழப்பீடு. 1,500 கி.மீ. வரை இதே தொகை. இங்கே கணக்காவது அந்த 788-தான், சுற்றிப் பறந்த தூரம் அல்ல. சக்கரம் தரையைத் தொட்ட நேரம் செல்லாது, கதவு திறந்த நேரம்தான் கணக்கு. அந்த நிமிடத்தைக் குறித்து வையுங்கள்.